ஊசி போடும் கை

கட்டிலில் குப்புறப் படுத்தபடி, மனைவி ஊசியில் மருந்தை ஏற்றுவதை அவன் ஓரக்கண்ணால் பார்த்தான்.

அவள் நர்ஸ். கை நடுங்காது.

ஆராய்ச்சிக்காக ஜிம்முக்கு வந்த டாக்டரம்மா, எடை தூக்கும் அத்தனை பேரிடமும் தனித்தனியாகக் கேட்டிருந்தார், ஸ்டீராய்டு போடுகிறாயா என்று. கையோடு சிறுநீரையும் பரிசோதனைக்கு வாங்கிப் போனார்.

மற்ற எல்லோரும் துண்டைப் போட்டுத் தாண்டாத குறையாக இல்லவே இல்லை என்றார்கள். ஆமாம் என்ற ஒரே ஏமாளி இவன்தான்.

இன்று காலை முடிவு வந்தது. இவன் உடம்பில் ஸ்டீராய்டின் சுவடே இல்லையாம்.

"போட்டுட்டு இல்லைங்கிறவங்களைப் பாத்திருக்கேன். போடாமலே போட்டேங்கிற ஆளை இப்பதாம்பா பாக்கிறேன்" என்றார் டாக்டரம்மா, ஏற இறங்கப் பார்த்து.

ஜிம் மாஸ்டர் போலி மருந்தைத் தலையில் கட்டிவிட்டான் என்று கொதித்துப்போய், அவன் சட்டையைப் பிடிக்கக் கிளம்பினான். ஜிம் படியிலேயே, கூட எடை தூக்கும் சிநேகிதன் மொட்டை, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். இல்லை என்று சாதித்த மொட்டை, பரிசோதனையில் வசமாக மாட்டியிருந்தான்.

மாஸ்டரிடம் வாங்கிய ஒரே பெட்டியைத்தான் இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியென்றால் மருந்து அசல். வீடு வந்து சேரும்வரை அசல்.

வீட்டில் அதை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவள் இவள். சாவியும் இவளிடம். வேறு யாரும் உங்களுக்கு ஊசி போடக்கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே அடம்பிடித்தவள். என்ன பாசம் என்று அன்றைக்குப் பூரித்துப்போனான், மடையன்.

கட்டினவளையே நம்ப முடியாவிட்டால் அப்புறம் யாரை நம்புவது?

சட்டென்று திரும்பினான். "இதுல என்ன இருக்கு?"

"நீங்க வாங்கிட்டு வந்ததுதான்."

கண் இமைக்காமல் சொன்னாள். இல்லவே இல்லை என்றபோது மொட்டைக்கும் இதே முகம்தான் இருந்தது.

அவளுக்குப் பின்னால் சுவரில் மாட்டிய படத்தில் அவளுடைய அண்ணன் கழுத்து நிறைய மெடல்களோடு சிரித்துக்கொண்டிருந்தான். அவனும் எடை தூக்கியவன்தான். தூக்கிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றுபோனவன். எதுவும் போட்டுக்கொள்ளவில்லை என்று கடைசிவரை தங்கையிடம் அடித்துச் சொன்னவன்.

படத்தையும் அவள் கையிலிருந்த ஊசியையும் மாறி மாறிப் பார்த்தான்.

போன வாரம் இவன் இதுவரை தூக்காத எடையைத் தூக்கியிருந்தான். அது முழுக்க அவனுடைய உடம்பு தூக்கியது.

மறுபடி குப்புறப் படுத்துக்கொண்டான்.

"சரி, போடு" என்றான் தலையணைக்குள். "இந்த மருந்து நல்லா வேலை செய்யுது. நிறுத்திடாதே."