பாலத்துக்கு அடியில் மேஜர்

“அம்மா, அங்க பாருங்க! உங்க வீட்டுக்காரர் ஜெபம் பண்றாரு!” என்று கையை நீட்டிக் காட்டினார், பாலத்தை ஆசீர்வதிக்க வந்திருந்த போதகர்.

மேஜரின் மனைவி திரும்பிப் பார்த்தார். மறு கரையில், புதுப் பாலத்துக்கு நேர் அடியில், மேஜர் முழங்காலில் இருந்தார். கண் மூடியிருந்தது. உதடுகள் அசைந்தன. பக்கத்தில் அவருடைய டார்ச் லைட், பட்டப்பகலில் எரிந்துகொண்டு கிடந்தது.

இந்தக் கரையில் கால் மணி நேரமாக ஒரே வாக்குவாதம். அந்தச் சந்தடியில் அவர் எப்போது பாலத்தைக் கடந்து சரிவில் இறங்கிப் போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. சட்டைப் பையில் ஒரு பக்கம் ஞானோபதேசப் புத்தகம், மறு பக்கம் ஸ்டீல் டேப் என்று காலையிலேயே வந்துவிட்டவர், ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பட்டாளத்து இன்ஜினீயர் வேறு என்ன செய்வார்? அதிலும் பாலம் சொந்த மகள் கட்டியது.

மகளுக்கு அதுதான் முதல் பாலம். மணல் மூட்டை ஏற்றிய லாரியை அதன் நடுவில் நிறுத்தி, பாலம் எவ்வளவு தொய்கிறது என்று அளந்தாக வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் அளவு வராவிட்டால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக மேலதிகாரி எழுத்திலேயே கொடுத்திருந்தார். இப்போது மணி பதினொன்றே முக்கால்.

டிரைவரோ என்ஜினை உறும விட்டுக்கொண்டு, ஓரடி நகர மறுத்தார்.

“எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு மேடம். நீங்க முதல் பாலம் கட்டுறதுக்கு நான் கடைசி லாரி ஓட்டணுமா?”

“அண்ணே, கணக்கை மூணு தடவை சரி பார்த்தாச்சு.”

“கணக்கு பேப்பர்ல நிக்கும். இந்த லாரி பேப்பர்லயா நிக்கப் போகுது?”

“சரி, இறங்குங்க. நானே ஓட்டுறேன்.”

“லாரிக்கு லைசென்ஸ் இருக்கா?”

மகளிடம் ஸ்கூட்டருக்குத்தான் இருந்தது.

அப்போதுதான் போதகர் கையை நீட்டினார்.

“பட்டாளத்துல பாலம் போட்டவர்தான், முதல் டாங்கி போறப்ப அடியில நிக்கணுமாமே? மேஜர் சொல்லியிருக்காரு,” என்றார் போதகர்.

“முப்பது வருஷமாச் சாப்பாட்டு மேசையில சொல்லிக்கிட்டு இருக்காரு. நின்னு இன்னிக்குத்தான் பார்க்கிறேன்,” என்றார் மனைவி.

“எங்க லுத்தரன் சபையில அவரை மாதிரி ஆள் கிடையாதுப்பா,” என்று டிரைவர் பக்கம் திரும்பினார் போதகர். “திருவிருந்துக்கு முழங்கால் போட்டா, எல்லாரும் எழுந்து போன பிறகும் அவர் மட்டும் அப்படியே இருப்பாரு. அம்மா போய்க் கையைப் பிடிச்சாத்தான் இந்த உலகத்துக்கே வருவாரு. என்ன உருக்கம்!”

மனைவி என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். என்ஜின் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

“அப்பா! வெளியே வாங்கப்பா!” மகள் தொண்டை கிழியக் கத்தினாள்.

மேஜர் கண்ணைத் திறந்தார். வலது கையை உயர்த்தி, ‘வா, வா’ என்று ஆட்டினார். யாரும் அசையாததைப் பார்த்து இன்னும் வேகமாக ஆட்டினார்.

டிரைவருக்கு முகம் மாறிவிட்டது. “அந்த வயசுல அவர் அடியில நின்னு கூப்பிடுறாரு. நான் மேல உட்கார்ந்துக்கிட்டு பயப்படுறேனா? தூ!” புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார்.

“நிறுத்துங்கண்ணே! அப்பா அடியில இருக்காரு!”

லாரி ஏறிவிட்டது. காலையில் சொல்லிக்கொடுத்த வெள்ளைக் கோட்டில் சரியாகப் போய் நின்றது. மேஜர் இப்போது இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

இனி அளப்பதைத் தவிர வேறு வழியில்லை. மகள் கருவியில் கண்ணை வைத்தாள். எட்டு மில்லிமீட்டர் வரை தொய்யலாம். தொய்ந்தது ஆறு.

“ஆறு!” என்று அலறினாள். “ஆறுதான்! போங்கண்ணே, போங்க!”

லாரி மறு கரையில் இறங்கியது. வேலையாட்கள் விசில் அடித்தார்கள். மகள் பாலத்தின் மேலேயே ஓடி, சரிவில் சறுக்கி, அப்பாவின் எதிரில் முழங்காலில் விழுந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“என் மேல அவ்வளவு நம்பிக்கையாப்பா உங்களுக்கு?”

மேஜரின் நெற்றி முழுக்க வியர்வை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தார். அதற்குள் போதகர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

“ஒண்ணும் பேசாதீங்க மேஜர். இந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமே நீங்கதான்!” என்று சொல்லி அவரும் முழங்கால் போட்டார்.

டிரைவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். பின்னால் வந்த வேலையாட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, வரிசையாக மண்டியிட்டார்கள். மனைவி மட்டும் இன்னும் பாலத்தின் பாதியில், நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

மேஜர் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார்.

“முட்டி பிடிச்சுக்கிச்சுன்னுதான்யா கையாட்டிக் கூப்பிட்டேன், நீங்களும் முழங்கால் போட்டுட்டா என்னை யாரு தூக்கி விடுறது?”