பதினொன்றாம் எண் சட்டை

தேவசகாயத்தின் பதினொன்றாம் எண் சட்டை முதுகில் ஐந்து வருடத்தில் நான்கு பெயர்கள் வந்துபோயின. நான்கும் உதவாக்கரைகள். அமெரிக்கக் கால்பந்தில் அவர் ரசிக்கும் அணி அந்த எண்ணைக் கொடுத்த எவன் கையிலும் பந்து நிற்கவில்லை. ஒவ்வொருவன் போனதும் பெயர் எழுதிய டேப்பை உரித்து, அடுத்தவன் பெயரை ஒட்டுவார். இன்று புதியவன் பென்றோஸுக்கு முதல் ஆட்டம். அவர் டேப்பைத் தேடவில்லை. ஊசியில் நூல் கோத்தார்.

"அவன் இன்னும் ஒரு பந்துகூடப் பிடிக்கல. அதுக்குள்ள தைக்கிறீங்களே?" என்றாள் மனைவி எஸ்தர். "அப்புறம் பிரிச்சா துணி கிழிஞ்சிடும்."

"எதுக்குப் பிரிக்கணும்?"

டிவியில் பந்து உயரே கிளம்பியது. பென்றோஸ் அதன் கீழே ஓடினான். எஸ்தர் தன்னையறியாமல் எழுந்து நின்றாள். தேவசகாயம் தலை நிமிராமல் ஐந்தாவது ஆங்கில எழுத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்.