வெயில் பக்கம்

மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்தும் அவள் எழுந்து வெயிலுக்குப் போனாள்.

சித்திரை மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசல்படி தோசைக்கல்லாய்க் காய்ந்து கிடந்தது. அதில் போய் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துத் தோளோடு போர்த்திக்கொண்டாள்.

"சித்தி, உனக்கென்ன கிறுக்கா?"

நிழலில் நின்றபடி கேட்டாள் மாரிச்செல்வி. எட்டு வயது. வாய் மட்டும் எண்பது.

மாரிச்செல்வி அவள் பெற்ற பிள்ளைதான்.

பிரசவத்தில் குடம் குடமாக ரத்தம் போய் அவள் செத்துப் பிழைத்தாள். பால் ஊறவில்லை. ஒரு சொட்டுகூட. மூத்த ஓரகத்திக்கு அப்போது கைக்குழந்தை. தன் மகனுக்கு ஒரு பக்கம், இவள் மகளுக்கு ஒரு பக்கம் என்று மடியில் போட்டுக்கொண்டாள்.

பேச்சு வந்த வயதில் அந்தப் பயல் யாரை எப்படிக் கூப்பிட்டானோ, மாரிச்செல்வியும் அப்படியே பிடித்துக்கொண்டாள். அவன் அம்மா இவளுக்கும் அம்மா. அவன் சித்தி இவளுக்கும் சித்தி.

யாரும் திருத்தவில்லை.

அவளுக்கும் திருத்த வாய் வரவில்லை. பிள்ளை மேல் ஆசை இருந்தால் பால் தானாக ஊறியிருக்கும் என்று மாமியார் ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனாள். சொன்னவள் மறந்துபோனாள். கேட்டவள் நம்பிவிட்டாள். ஆசை இல்லாமலா, ஓரகத்தி வீட்டில் பகலில் தூங்கும் பிள்ளையின் உள்ளங்காலை ஏதாவது சாக்கில் போய்த் தொட்டுவிட்டு வந்தாள்? அதை அவளிடம் எடுத்துச் சொல்ல ஆளில்லை.

"பேச்சித்தாய்!"

அவளுடைய முறை வந்தது. உள்ளே புது டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். சன்னல் வழியாகப் பார்த்திருப்பார் போல.

"ஏம்மா வெயில்ல போய் உக்காந்தீங்க?"

"குளுருது டாக்டரம்மா."

"இந்த வெயில்லயா?"

"எந்த வெயில்லயும்."

டாக்டர் அவளுடைய பழைய நோட்டைப் புரட்டினார். அசதி, இரும்புச்சத்து மாத்திரை. அசதி, இரும்புச்சத்து மாத்திரை. எட்டு வருஷமும் அதேதான். கையெழுத்து மட்டும்தான் மாறியிருந்தது.

நோட்டை மூடிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். உதிர்ந்துபோன புருவத்தைப் பார்த்தார். கையைத் தொட்டார். பிறகு, இதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்.

"பிள்ள பெத்தப்ப ரத்தம் ரொம்பப் போச்சா?"

"போச்சு."

"மாதவிலக்கு?"

"அன்னைக்கோட நின்னு போச்சு."

"பால் வந்துச்சா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் மாரிச்செல்வி மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வரல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மூளைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்கும்மா. கொண்டக்கடல அளவுதான். பால் ஊறு, ஒடம்பு சூடாகுன்னு உத்தரவு போடுறதெல்லாம் அதுதான். அவ்வளவு ரத்தம் போனதுல அது பட்டுப்போயிருக்கும்னு நினைக்கிறேன். பெரியாஸ்பத்திரில டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணிருவாங்க. மாத்திர இருக்கு. நல்லாயிருவீங்க."

மாத்திரை அவள் காதில் ஏறவில்லை.

"அப்ப, ஆச இல்லாததால இல்லையா டாக்டரம்மா?"

டாக்டருக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

"நீங்க எவ்வளவு ஆசப்பட்டிருந்தாலும் வந்திருக்காதும்மா."

எவ்வளவு ஆசைப்பட்டிருந்தாலும்.

அழுகையை அடக்கப் பார்த்தாள். எட்டு வருஷத்து அழுகை, அடங்கவில்லை. மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது.

டாக்டர் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

"ஆயுசுக்கும் மாத்திர போடணும். காய்ச்சல் கண்டா கூடுதலாப் போடணும். அந்த நேரம் இவங்களுக்கே நெனவு தடுமாறலாம். வீட்ல ஒருத்தர் தெரிஞ்சு வச்சிருக்கணும். பாப்பா, நீ இவங்களுக்கு யாரு?"

மாரிச்செல்வி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் தாய் பெயர் பேச்சித்தாய் என்று எழுதியிருப்பது அவளுக்குத் தெரியும். தேர்வுக்குப் படித்த பாடம் போலத் தெரியும், அவ்வளவுதான்.

"மக" என்றாள்.

பஸ் நிறுத்தம் வரை சாலையில் ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் வெயில். வரும்போது ஆளுக்கொரு பக்கமாக வந்தவர்கள். இப்போது மாரிச்செல்வி வெயில் பக்கமே நடந்தாள். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது.

"நெழல்ல போடி."

போகவில்லை.

வழியெல்லாம் அவள் ஒரு தடவைகூடச் சித்தி என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவுமில்லை. பேச்சித்தாய் காதைத் தீட்டிக்கொண்டே நடந்தாள். அவளுக்கு நடை ஓடவில்லை.

வளைவில் பஸ் திரும்பியது. சின்னக் கை வந்து முந்தானையைப் பிடித்து இழுத்தது.

"பஸ்ஸு வந்துட்டு..."

அதற்கு மேலும் ஒரு வார்த்தை இருந்தது. பிள்ளையின் உதடுகள் அதற்காக ஒட்டி, ஒட்டியபடியே நின்றன.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் "ஏறுங்கம்மா" என்று அவசரப்படுத்தினார்.

பேச்சித்தாய் மகள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.