நடுக்கோடு தாண்டிய பந்து

"இந்தக் காலத்துல எவன் சார் தப்பைத் தப்புன்னு ஒத்துக்கறான்? வாயை இறுக்கி மூடிக்கிட்டா எல்லாம் சரியாப் போயிடும்னு நினைப்பு."

நடுவர் உடை மாற்றும் அறையின் வாசலில் நின்றபடி பெரியவர் சொன்னார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்த ஐஸ் கரைந்து செருப்பின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

ஷூக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த நடுவர், வந்தவர் யாரென்று கேட்கவில்லை. தோற்ற மஞ்சள் சட்டை அணியின் கேப்டனுக்குத் தாத்தாவாக இருக்கும். கல்லூரிகளின் கூடைப்பந்து இறுதிப் போட்டி. மஞ்சள் அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. கடைசி நேரத்தில் கேப்டனின் கையிலிருந்த பந்து நடுக்கோட்டுக்குப் பின்னால் போனது. அவன் ஓடிப்போய் எடுத்தான். இவர் விசில் ஊதினார். பந்து சிவப்பு அணிக்குப் போனது, கோப்பையும் கூடவே போனது.

அந்தக் கேப்டன் இன்னும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறான்.

நடுவர் பொறுமையாக விளக்கினார். இரண்டு காலும் பந்தும் கோட்டைத் தாண்டிவிட்டால் மறுபடி பந்தைப் பின்பாதிக்குக் கொண்டுபோகக் கூடாது. கோட்டை மிதித்தாலும் போனதாகத்தான் கணக்கு. தடுக்க வந்த எதிரணிக்காரன் கை பட்டுப் பந்து பின்னால் போயிருந்தால் மட்டும் தப்பில்லை, எடுத்து ஆடலாம்.

"அதைத்தான் நானும் சொல்றேன். தடுக்க வந்தானே சிவப்புச் சட்டை, அவன் விரல்ல பட்டுச்சு."

"என் கண்ணு முன்னாடி நடந்தது பெரியவரே. படல. நீங்க எங்கே உட்கார்ந்திருந்தீங்க?"

"கடைசி வரிசை."

"அங்கேருந்து விரல் தெரிஞ்சுதா?"

"பந்தே மங்கலாத்தான் தெரிஞ்சுது."

நடுவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பட்டிருந்தால் அந்தச் சிவப்புச் சட்டைப் பையனே கையைத் தூக்கியிருப்பான் என்றார்.

"கேட்டுப் பாத்துட்டேன். தரையைப் பாக்கறான்."

"ஜெயிச்ச பையனைப் போய் மிரட்டுனீங்களா? அதெல்லாம் வேணாம். உங்க பேரனைப் போய்த் தட்டிக்கொடுங்க."

"தட்டிக்கொடுக்கற மாதிரியா நடந்துக்கிட்டான்?"

விளையாட்டில் வெற்றி தோல்வி சகஜம், அடுத்த வருஷம் ஆடிக்கட்டும் என்று நடுவர் சமாதானம் சொன்னார்.

"அந்தக் கேப்டனுக்கு இது கடைசி வருஷமாம். காலேஜே அவனைக் கரிச்சுக்கொட்டுது. மாத்தி ஊத முடியாதா?"

"ஊதினது ஊதினதுதான். என் விசிலை நம்புங்க பெரியவரே."

"ஆலையில வேலை பார்த்த காலத்துல, நேரத்துக்கு ஊதற சங்கையே நம்பாதவன் நான்."

முணுமுணுத்துக்கொண்டே பெரியவர் நடந்தார். பாவம், வயசான மனுஷன் என்று நடுவரும் வாசல் வரை வந்து பார்த்தார். துண்டு போட்டு உட்கார்ந்திருந்தவன் அருகில் பெரியவர் ஒரு கணம் நின்றார். பிறகு அவனைத் தாண்டிப் போனார்.

எதிர்ப்பக்கம் கோப்பையைச் சுற்றி ஒரே கூத்து. அதில் சேராமல், வலக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி ஒரு சிவப்புச் சட்டைப் பையன் தனியாக நின்றிருந்தான்.

"நீட்டுடா" என்றார் பெரியவர். வீங்கிப்போயிருந்த பேரனின் விரல்மேல் ஐஸ் பையை வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனார்.