வால்வு இரைச்சல்

"இன்னா பாய், இன்னும் இரையுதே!"

கள்ளக்குறிச்சியில் ரேடியோ கடை வைத்திருந்த பைரோஸ் அலுத்துப்போனார். ஏழுமலையின் ரெக்கார்டு பிளேயருக்கு மூன்றாம் முறையாக வால்வு மாற்றியிருந்தார். இந்தமுறை சீமை வால்வு. இதைவிட இரைச்சல் குறைந்தது கிடையாது, விலையும் அதற்கேற்றபடி.

"பாட்டு கேக்குதா?"

"கேக்குது. கூடவே ஙொய்னு ஒரே இரைச்சல். சாலை மறியலுக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்து இப்டித்தான். நான் இல்லாதப்ப வூட்ல புள்ளைங்க எதையோ நோண்டிட்டுதுங்க."

ஏழுமலை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தபோது பைரோஸ் சத்தமில்லாமல் பிளக்கைப் பிடுங்கினார்.

"இப்ப?"

"பாட்டு நின்னுடுச்சு. இரைச்சல் நிக்கல பாய்."

பைரோஸ் பிளக்கைத் திரும்பச் செருகினார். டீ வாங்கி வரச் சொல்லி ஏழுமலையை வெளியே அனுப்பிவிட்டு, கூட வந்திருந்த அவர் மனைவி கண்ணகியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கோளாறு பொட்டில இல்லம்மா."

"தெரியும் பாய். மறியல்ல வாங்குன தடியடில காது நரம்பு போயிடுச்சு. கொஞ்ச நாள்ல பாட்டும் கேக்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அவுருகிட்ட நான் சொல்லல. நீங்க வால்வையே மாத்திக்கினு இருங்க."

ஏழுமலை டீயோடு உள்ளே வந்தார்.

"அடுத்த வால்வுல சரியாயிடுங்க" என்றார் பைரோஸ்.