நாற்பத்தொன்றாவது அலை

சங்கரன்கோவில் வீட்டு முன்னறையில், சங்கரசுப்புவின் தலையில் கம்பிகள் தைத்த குல்லாயை மாட்டி, காதில் ஹெட்போனை வைத்தாள் அவர் தம்பி மகள் நிர்மலாதேவி. பேச்சைக் கேட்கும்போது மூளையில் எழும் அலைகளை அளப்பதுதான் அவள் ஆராய்ச்சி. நாற்பது சொற்கள் ஒலித்து முடிந்தன. கம்ப்யூட்டரைப் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"பெரியப்பா, நாப்பது சொல்லுக்கு நாப்பத்தோரு அலை இருக்கு. கடைசியில என்ன கேட்டுது?"

"ஒண்ணும் கேக்கலை."

"தெரிஞ்ச குரல் கூப்பிட்டாத்தான் இவ்வளவு உசரமா எழும்பும்."

"கேக்கலைன்னு சொல்லுதேம்லா. உன் மிஷினுக்குத்தான் காது சரியில்ல."

மகள் இசக்கிசெல்வி இஷ்டப்பட்டவனோடு போன அன்றே அவளைத் தலைமுழுகியவர் அவர். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் சொன்னதில்லை. போன ஆவணியில் சிவகிரியிலிருந்து அவள் செத்த செய்தி வந்தபோதும் அவர் போகவில்லை. மனைவி சுந்தரம்மாளையும் போகவிடவில்லை. அப்படிக் காத்த மானத்தைத் திரையில் ஓடும் ஒரு கோட்டுக்காக விட்டுவிட அவர் தயாரில்லை.

"இன்னொரு தடவை போடு" என்றார், முதுகை நிமிர்த்தி.

சொற்கள் வந்தன. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. ஹெட்போன் அடங்கியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

அடுப்படியில் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. காதில் எதையும் மாட்டாத சுந்தரம்மாள், அங்கிருந்தபடியே சாதாரணமாகக் குரல் கொடுத்தாள்.

"இந்தா வாரேன், இசக்கி."