பத்து நிமிடம் பிசைந்த மாவு

"இந்த ஞாயிறு ஆப்பிள் பை நான் செய்றேன்" என்று சின்ன மருமகள் வாய் விட்டதும், வீடே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அவள் கல்யாணமாகி வந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது.

"நல்லா யோசிச்சுக்கோம்மா" என்றாள் நாத்தனார். "இந்த வீட்டுல முதல் தப்புக்குப் பேர் வெச்சிடுவாங்க. நான் சூப்புல ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன். பதிமூணு வருஷமா அப்பாவுக்கு நான் 'உப்பு'தான்."

"உன் புருஷன் 'குடை'. வேலைக்குப் போன முதல் நாளே தொலைச்சிட்டு வந்தான்" என்றார் மாமனார். தச்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வைப்பதிலிருந்து இன்னும் பெறவில்லை. "பெரியவன் 'சுவரு'. எதுல போய் வண்டியை மோதினான்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

பெயர் வாங்காமல் தப்பித்தவள் மூத்த மருமகள் ஒருத்திதான். இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமை பை அவள் கைவேலை. கரண்டி பட்டாலே, ஆப்பிளை மூடிய மாவு மேலோடு இதழ் இதழாக உதிரும். இந்த ஞாயிறு அவளுக்கு ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி.

சின்னவளுக்கும் பயம்தான். என்ன பேர் ஒட்டுமோ? ஆயுசுக்கும் போகாதே? ஆனாலும் அவள் ரொட்டிக்கடைக்காரர் மகள். மாவோடு மாவாக வளர்ந்தவள்.

ஞாயிறு காலை, மைதாவில் வெண்ணெயைப் போட்டாள். தண்ணீர் தெளித்துப் பிசைந்தாள். அப்பா ரொட்டிக்குச் சொல்வது போலவே, கடிகாரத்தைப் பார்த்து முழுசாகப் பத்து நிமிடம். மாவு குழந்தையின் கன்னம் மாதிரி வழுவழுத்தது.

பதினொன்றரைக்கு மூத்தவள் நர்ஸ் உடையோடு சமையலறைக்குள் வந்தாள். சின்னவள் மாவைக் கட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்க அது சுருங்கிக்கொண்டே வந்தது.

"எவ்வளவு நேரம் பிசைஞ்சே?"

"பத்து நிமிஷம்க்கா. நல்லா வந்திருக்குல்ல?"

மூத்தவள் மாவை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வெண்ணெய் மீதி இருக்கா?"

"இல்லக்கா, எல்லாத்தையும் போட்டுட்டேன்."

"ம். சரி, ஓவன்ல வை."

அவ்வளவுதான். உடை மாற்றப் போய்விட்டாள்.

'நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயிலேருந்து முத்து உதிர்ந்துடுமா?' சின்னவள் மனதுக்குள் பொருமினாள்.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பை பொன்னிறமாக இருந்தது. ஆப்பிள் வாசனை கூடத்தை நிறைத்தது. சின்னவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வழியிலேயே மூத்தவள் அதை வாங்கிக்கொண்டாள். மேசை நடுவில் வைத்தாள்.

"இன்னிக்கும் பை நான்தான்" என்றாள், கூசாமல்.

"சின்னவதானே செய்றேன்னா?" என்றார் மாமனார்.

"சொன்னா. நான்தான் விடல. ஆப்பிள் நறுக்கினது அவ. மாவு பூரா என் கை. என் வேலையை நான் எதுக்கு இன்னொருத்தருக்கு விட்டுக் குடுக்கணும்?"

"அதானே! வாசனையே சொல்லுதே அண்ணி" என்றாள் உப்பு.

குடை தன் மனைவியைப் பார்த்தான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பட்டப்பகலில், கட்டின புருஷன் எதிரிலேயே கொள்ளையா?

"மாமா, அது வந்து..."

மேசைக்கடியில் மூத்தவள் அவள் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

மாமனார் கத்தியை வைத்து அழுத்தினார். இறங்கவில்லை. எழுந்து நின்று, இரண்டு கையாலும் அழுத்தினார். ஒரு சில்லு தெறித்துத் தண்ணீர் டம்ளரில் விழுந்தது.

அவர் மேலோட்டை விரல் முட்டியால் தட்டினார். டொக். காதைக் கிட்டே வைத்து இன்னொரு தரம். டொக்.

"நல்லாக் காஞ்ச பலகை. டேய் சுவரு, ரம்பத்தை எடுத்துட்டு வா!"

"நாலு கால் வெச்சா ஸ்டூல் ஆயிடும்ப்பா" என்றான் குடை.

வீடு குலுங்கியது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் மூத்தவள்தான்.

"இருபது வருஷமாக் கையில சிக்காம இருந்தே. இன்னியிலேருந்து நீ 'பலகை'" என்றார் மாமனார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சரிங்க மாமா" என்று அவள் எழுந்து நின்று பட்டம் வாங்கிக்கொண்டாள். மேலோட்டை உடைத்துப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த ஆப்பிளை எல்லோரும் கரண்டியால் வழித்துத் தின்று தீர்த்தார்கள்.

சமையலறையில் சின்னவள் மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொட்டிக்குத்தான் பிசையணும். இதுக்குச் சும்மா சேர்த்துவிட்டாப் போதும், வெண்ணெய் துண்டு துண்டாத் தெரியணும்" என்றாள் மூத்தவள், தட்டைக் கழுவிக்கொண்டே. "அடுத்த வாரம் நீ செய்."

"இத்தனை வருஷம் இல்லாத பேரை எனக்காக ஏன்க்கா வாங்கிக்கிட்டீங்க?"

"இருபது வருஷமா இருக்கிறவளைப் பலகைன்னா எனக்கும் சிரிப்பு வரும். வந்து மூணு வாரம்கூட ஆகாத உன்னைச் சொன்னா, உனக்குச் சிரிப்பு வருமா?"

சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனாள். மாமனார் மட்டும் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"மாமா, அந்த மாவைப் பிசைஞ்சது நான். அக்கா இல்ல."

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"தெரியும்மா. இருபது வருஷமா அவ கையால சாப்பிடறவன் நான். அந்தப் பொண்ணு அவ்வளவு ஆசையா ஒரு பேரைக் கேட்டு வாங்கறப்போ, வைக்க மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"